செட்டிநாட்டு வீடும் காங்கிரீட் கூரையும்: வெப்பநிலக் கட்டடக்கலையில் ‘மரபு’ எனும் கருத்தாக்கம் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வெப்பச் சூழலுக்கு ஏற்ற வளங்குன்றாக் கட்டடக்கலை குறித்த தமிழ் எழுத்துகளில் செட்டிநாட்டு வீடு தொடர்ந்து முன்மாதிரியாகக் காட்டப்பட்டு வருகிறது. உள்ளூர்ப் பொருள், இயற்கைக் குளிர்ச்சி, முன்னோர் அறிவியல் ஆகிய மூன்றும் அவ்வீட்டில் ஒருங்கே அமைந்துள்ளன என்பது அவ்வெழுத்துகளின் துணிபு. இத்துணிபைப் பொருள், புழக்கம், சமூகம் எனும் மூன்று நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. வணிகர் மாளிகையின் தோற்றத்தை மரபாகக் கொள்வதால் அதன் வெப்பச் செயற்பாடு மறைக்கப்படுகிறது என்பதையும், மரபறிவைச் சோதிக்க வேண்டிய முதன்மைக் களம் எளியோரின் சிறு காங்கிரீட் வீட்டுக் கூரையே என்பதையும் இக்கட்டுரை வாதமாக முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செட்டிநாட்டு வீடு, வளவு, தட்டோடு, வெப்ப-ஈர மண்டலம், குடிசை, வளங்குன்றாக் கட்டடக்கலை

முன்னுரை

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் உயிரிழப்புக்கு நிவாரணம் வழங்கத்தக்க பேரிடராயிற்று. இந்நிலையில் வெயிலைத் தாங்கும் வீடு எவ்வாறு அமைய வேண்டும் எனும் வினா கட்டடப் பொறியாளர்க்கு மட்டும் உரிய வினாவாக நிற்கவில்லை. நாட்டார் வழக்காற்றியல், பண்பாட்டியல், புழங்குபொருள் ஆய்வு ஆகிய துறைகளில் இயங்கும் தமிழ் ஆய்வாளர்களும் ‘மரபுக் கட்டடக்கலை’ எனும் தலைப்பின்கீழ் இவ்வினாவுக்கு விடை கூறி வருகின்றனர்.

அவ்விடைகளில் ஒரு வாய்பாடு காணப்படுகிறது. முதலில் இலக்கியச் சான்று. அடுத்து முற்றம், திண்ணை, தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றின் பட்டியல். பின்னர்க் காங்கிரீட் வீட்டின் வெக்கை குறித்த வருத்தம். ஈற்றில் முன்னோர் வழிக்குத் திரும்புமாறு ஓர் அழைப்பு. பட்டியலில் உள்ளவை பொய்யல்ல. அவை எந்தப் பொருளாதாரத்தில், எத்தகைய புழக்கத்தில், யாருக்காக இயங்கின என்னும் வினா எழுப்பப்படாததே குறை. செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொண்டு அவ்வினாவை எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்ளூர்ப் பொருள் எனும் துணிபு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள நகரத்தார் ஊர்களின் பெருவீடுகளில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940-களுக்கும் இடைப்பட்ட காலத்தன. 2014-இல் இவ்வூர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பின்னர் இவ்வீடுகளைப் ‘பசுமைக் கட்டடங்கள்’ என்று விளக்கும் போக்கு வலுப்பெற்றது.

பொருள்களை நோக்கினால் இவ்விளக்கம் தடுமாறுகிறது. தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியப் பளிங்கு. சுவரின் கீழ்ப்பகுதிக்கு ஜப்பானிய, ஆங்கிலேயப் பீங்கான் ஓடுகள். கூடத்துக்குப் பெல்ஜியக் கண்ணாடி. மாடத்துக்குப் பிரித்தானிய இரும்பு. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நடத்திய கொடுக்கல் வாங்கல் தொழிலின் வருவாயும், அத்தொழில் திறந்துவிட்ட கப்பல் வழிகளும் இவ்வீடுகளின் அடித்தளம். கட்டடப் பொருளின் பயணத் தொலைவை வளங்குன்றாமையின் அளவுகோலாகக் கொண்டால், ஒரு பெரிய செட்டிநாட்டு வீடு தன் காலத்திய கட்டடங்களுள் மிக மோசமான மதிப்பெண் பெறுவனவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

ஆத்தங்குடிக் கல் இங்குத் தனித்துக் கருதத்தக்கது. கண்ணாடிப் பலகையின் மீது வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்து ஆக்கப்படும் இக்கல் இன்று மரபின் அடையாளமாக விற்கப்படுகிறது. அதன் இறுக்கம் சிமெண்டினால் வருவது. சிமெண்டோ தொழிற்சாலைப் பொருள். இக்கல்லை ‘மரபு அன்று’ என ஒதுக்குவது இங்கு நோக்கமன்று. தம் காலத்தின் புதுப்பொருளை எடுத்து, உள்ளூர் மணலோடும் உள்ளூர்க் கைத்திறனோடும் சேர்த்து, சூளை விறகை மிச்சப்படுத்தும் ஒரு முறையைக் கைவினைஞர்கள் உருவாக்கினர். மரபும் நவீனமும் இணங்கிச் செல்ல வேண்டும் என்று கருத்தரங்குகளில் கூறப்படுவது ஆத்தங்குடியில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடந்து முடிந்தது.

சுண்ணாம்புப் பூச்சு குறித்தும் ஒரு சொல். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி பற்றிய வியப்பு கட்டுரைக்குக் கட்டுரை தொற்றி வருகிறது. இச்சேர்மானங்கள் பூச்சுக்குப் பளபளப்பும் நீர்த்தாங்கு திறனும் தருவன; வீட்டைக் குளிர்விப்பன அல்ல. சுண்ணாம்பின் சூழலியல் மதிப்பு வேறிடத்தில் உள்ளது. சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ சூளையில் வேகும்போது வெளியேறும் கரியமில வாயுவின் ஒரு பகுதியைச் சுவரேறிய சுண்ணாம்பு இறுகுங்கால் காற்றிலிருந்து திரும்ப ஈர்க்கிறது. விறகோ நிலக்கரியோ எரிந்ததால் வந்த புகையை அது ஈர்ப்பதில்லை. அரைகுறையான இந்நன்மைகூடச் சிமெண்டோடு ஒப்பிடுகையில் பெரிதே. ஆயினும் முட்டையை வியக்கும் கட்டுரைகள் சூளையைப் பற்றிப் பேசுவதில்லை.

குளிர்ச்சியும் புழக்கமும்

அடுத்த துணிபு இயற்கைக் குளிர்ச்சி. இங்கு முதலில் நிலவியல் வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்தியாவை ஐந்து காலநிலை மண்டலங்களாகப் பகுக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெப்ப-ஈர மண்டலத்தில் அடங்கும். தடித்த சுவரின் பெருமையோ வெப்ப-வறள் மண்டலத்துக்கு உரியது. பகலில் கொதித்து இரவில் நன்கு குளிரும் இராஜஸ்தானிலோ மேல் எகிப்திலோ தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தைப் பல மணி நேரம் உள்ளே விடாமல் தாமதப்படுத்தும்; இரவுக் குளிர் அச்சுவரை மறுநாளுக்கு ஆயத்தப்படுத்தும். ஈரக்காற்றுள்ள நிலத்தில் பகலுக்கும் இரவுக்குமான வேறுபாடு குறைவு. சுவர் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழும் வேளையில் வெளிக்காற்றும் அதைத் தணிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருப்பதில்லை. அங்கு உடலைக் குளிர்விப்பது வியர்வை உலர்தல். அதற்கு வேண்டியது காற்றோட்டம்.

குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018-இல் நடுவணரசு வெளியிட்ட ஈகோ-நிவாஸ் சம்ஹிதா எனும் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு இவ்வேறுபாட்டை எண்ணாகவே தருகிறது. திறக்கத்தக்க சாளர, கதவுப் பரப்பு, வெப்ப-வறள் மண்டலத்தில் தரைப்பரப்பில் 10 விழுக்காடு இருந்தால் போதும். வெப்ப-ஈர மண்டலத்தில் 16.66 விழுக்காடு வேண்டும். தமிழகத்து மரபு வீட்டுக்குத் தடித்த சுவரையே முதற்சான்றாகக் காட்டும் எழுத்துகள், வேறொரு நிலத்தின் விளக்கத்தை நம் நிலத்தின் மீது ஏற்றுகின்றன.

அவ்வாறெனில் செட்டிநாட்டு வீடு எவ்வாறு தாங்கத்தக்கதாக இருந்தது? விடை சுவரில் இல்லை. வீட்டினுள் மனிதர் இடம்பெயர்ந்த முறையில் உள்ளது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் இவ்வீட்டில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் அமைவதால் காற்றுக்குத் தடையில்லாப் பாதை கிடைக்கிறது. வளவைச் சுற்றிய அறைகள் சிறியன, இருண்டன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றென ஒதுக்கப்பட்ட அவ்வறைகளில் பெரும்பொழுது குடியிருந்தவை சீர்ப்பொருள்களும் பெட்டகங்களுமே. மனிதர்கள் காலையில் திண்ணையிலும், நண்பகலில் வளவின் நிழற்பத்தியிலும், கோடையிரவில் திறந்த வெளியிலும் புழங்கினர். ஆகவே குளிர்ச்சி என்பது கட்டடத்தின் பண்பாக மட்டும் இருக்கவில்லை. பொழுதுக்கேற்ப இடம் மாறும் வாய்ப்பாகவும் இருந்தது. அவ்வாய்ப்புக்கு விரிந்த நிலமும், கூட்டுக்குடும்பமும், பெருக்கிக் கழுவி வெள்ளையடிக்கும் பணியாளரும் தேவைப்பட்டனர்.

இலக்கியச் சான்றாளர் பெரிதும் நாடும் நெடுநல்வாடை இவ்விடத்தில் வேறொரு பயன் தருகிறது. நண்பகல் நிழலைக் கொண்டு திசையறிந்து அரண்மனை வகுத்த செய்தி அப்பாட்டில் இருப்பதால், அது வெயிலுக்கேற்ற கட்டடக்கலையின் சான்றாக எடுத்தாளப்படுகிறது. பாட்டின் பருவமோ கூதிர். தென்றல் புகுவதற்கென அமைந்த வேனிற்பள்ளியின் சாளரம் குளிருக்கு அஞ்சி அடைக்கப்பட்டுக் கிடப்பதையே அது காட்டுகிறது. வேனிலுக்கு ஓரிடம், கூதிருக்கு வேறிடம் எனச் செல்வர் மனையில் பருவந்தோறும் புழக்கம் மாறியது என்பதே அதன் வழியே நாம் உறுதியாகப் பெறும் செய்தி. மேற்கண்ட வாதத்துக்கு அரண் செய்வது இதுவே. வெப்பத் தொழில்நுட்பம் அன்று.

புழக்கம் மாறினால் வீடும் மாறும். பெருவீடுகள் பல இன்று விடுதிகளாகியுள்ளன. வளவைச் சுற்றிய இருண்ட அறை விருந்தினரின் படுக்கையறையாகிறது. கதவை அடைத்துக்கொண்டு தனியே உறங்க வேண்டியிருப்பதால் அங்குக் குளிர்சாதனம் பொருத்தப்படுகிறது. ‘இயற்கையாகக் குளிர்ந்த வீடு’ என விளம்பரம் பெறும் கட்டடத்தின் புறச்சுவரில் குளிர்சாதனப் பெட்டிகள் தொங்குவது ஒரு முரணாகத் தோன்றலாம். வீடு பொய்த்துவிடவில்லை. அது எந்தப் புழக்கத்துக்காகக் கட்டப்பட்டதோ அப்புழக்கம் அங்கிருந்து வெளியேறிவிட்டது.

செட்டிநாட்டிலிருந்து கட்டாயமாகக் கற்க வேண்டியதாக ஒன்றைக் கூறவேண்டுமெனில், அது பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியில் கடந்து செல்லப்படும் நீர்ப்பாதையாகும். கூரைச் சரிவிலிருந்து வளவில் விழும் மழைநீர் வீட்டுத் தேவைக்குப் பிடிக்கப்பட்டு, மிகுதி தெரு வடிகால் வழியே ஊருணிக்குச் செல்லும். இங்குக் கட்டடத்தின் எல்லை வீட்டுச் சுவரோடு முடியவில்லை. தனிக் கட்டடத்துக்கு மதிப்பெண் வழங்கும் இன்றைய பசுமைத் தரச்சான்று முறைகள் இத்தகைய ஊரளவிலான ஒழுங்கை அளக்கப் போதுமானவையல்ல.

வடிவமா, செயற்பாடா?

மரபின் வடிவத்தைப் பின்பற்றுவதற்கும் செயற்பாட்டைப் பின்பற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இருவரின் பணிகள் தெளிவாக்குகின்றன. கேரளத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007) செங்கற்களை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டுமுறையால் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். கூரைக் காங்கிரீட்டின் பயனற்ற கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்தார். சாளரத்துக்கு மாற்றாகச் செங்கல் வலைச்சுவர் எழுப்பினார். அவருடைய கட்டடம் எதுவும் நாலுகெட்டு வீட்டின் நகல் அன்று. குறைந்த பொருள், மிகுந்த கைத்திறன் எனும் மரபின் கணக்கை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். கொத்தனார் கூலி உயர்ந்துவிட்ட இக்காலத்தில் அக்கணக்கும் மறுபார்வைக்கு உரியதே. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து அழுத்தி ஆக்கப்படும் மண்கட்டியையும் இவ்வரிசையில் வைக்கலாம்.

எகிப்தியக் கட்டடவியலார் ஹசன் ஃபாத்தியின் புதிய குர்னா மற்றொரு பாடம். லக்சர் நகருக்கு எதிரே, தொன்மைக் கல்லறைகளின் மீது குடியிருந்தோரை இடம்பெயர்ப்பதற்காக 1940-களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட அச்சிற்றூர் முழுவதும் வெயிலில் உலர்த்திய மண்கல்லால் ஆனது. வளைகூரை அமைக்க அசுவான் பகுதி நூபியக் கொத்தனார்கள் அழைத்து வரப்பட்டனர். வெப்பவியல் நோக்கில் அவ்வீடுகள் பாராட்டத்தக்கன. எனினும் குடியேற வேண்டியோர் மறுத்தனர், ஊர் முற்றுப்பெறவில்லை. பிழைப்பை விட்டுப் பெயர மனமில்லாமை முதன்மைக் காரணம். குவிமாடம் அப்பகுதியில் கல்லறைகளுக்குரிய வடிவம் என்பதும் விமர்சகர்களால் சுட்டப்பட்டது. ஃபாத்தி தம் அனுபவத்தை எழுதிய நூல் 1973-இல் ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ எனும் பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. மரபு என்று வல்லுநர் கண்டதை அம்மக்கள் தங்கள் மரபாகக் காணவில்லை. கூரை வெயிலைத் தடுக்கும் பொருள் மட்டுமன்று. அதன் கீழ் வாழ்பவர் யார் என்று ஊருக்குச் சொல்லும் குறியும் ஆகும்.

கூரையும் சாதியும்

இக்கருத்தைத் தமிழ்ச் சூழலில் பொருத்திப் பார்க்கும்போதே ‘மரபுக்குத் திரும்புதல்’ எனும் அழைப்பின் சிக்கல் முழுமையாக வெளிப்படுகிறது. தென்திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது எனும் கட்டுப்பாடு நிலவியதைச் சமூக வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. வீட்டின் உயரமும் கூரையின் பொருளும் அங்குக் காலநிலையால் முடிவாகவில்லை; சாதிப்படிநிலையால் முடிவாயின. 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டது ஒரு குடிசைக்குள். கீற்றுக் கூரை வெயிலுக்கு இதமானது என்று எழுதும்போது அக்கூரை எரியக்கூடியது என்பதும், எரிக்கப்பட்டது என்பதும் ஆய்வாளரின் நினைவில் இருத்தல் வேண்டும்.

மண்சுவரும் பனையோலையும் தென்னங்கீற்றும் கொண்ட குடிசை, பொருள் நோக்கில், உண்மையாகவே உள்ளூர்த்தன்மை உடையது. காற்று புகும் கூரை, வெப்பத்தைத் தேக்காத சுவர், மக்கி மண்ணாகும் பொருள் என வெப்ப-ஈர மண்டலத்தின் இலக்கணங்களை அது நிறைவு செய்கிறது. ஆனால் மரபுக் கட்டடக்கலை நூல்களில் அதற்குரிய பக்கங்கள் மிகக் குறைவு. மாளிகைக்கு ‘மரபு’ என்றும் குடிசைக்கு ‘வறுமை’ என்றும் பெயர் சூட்டியவர் யார் எனும் வினாவைத் தமிழியல் இன்னும் போதிய அளவில் எழுப்பவில்லை. எழுப்பினாலும், குடிசையில் வாழ்ந்தோரை அங்கேயே திரும்பச் செல்லுமாறு கூற எவர்க்கும் உரிமையில்லை. ஆண்டுதோறும் கீற்று மாற்றும் செலவும், மழைக்கால ஒழுக்கும், தீயச்சமும் அவர்கள் அறிந்தவை. காங்கிரீட் தளம் அவர்களுக்கு மதிப்பும் பாதுகாப்பும் ஆகும்.

அரசும் அவ்வாறே கருதியது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீடுகளைக் கட்டித்தர முற்பட்டது. இவ்வீடுகளில் திண்ணைக்கும் வளவுக்கும் இடமில்லை. வெயிலுக்கேற்ப இடம்பெயர்ந்து புழங்க வேறோர் அறை இருப்பதும் அரிது. நண்பகல் வெயிலை நேராக வாங்கும் தட்டையான கூரையே அவற்றில் வெப்பத்தின் பெருவாயில்.

முந்நூற்றறுபது சதுர அடியின் மீது

மேற்குறித்த ஈகோ-நிவாஸ் சம்ஹிதா, கூரையின் வெப்ப ஊடுருவல் மதிப்பு 1.2-ஐ மிகலாகாது என்கிறது. உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபடும்போது ஒரு சதுர மீட்டர் கூரை வழியே புகும் வாட் அளவே இம்மதிப்பு. வழக்கமான கடத்துதிறன் மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், 10 செ.மீ. வெற்றுக் காங்கிரீட் தளத்துக்கு இது ஏறத்தாழ 3.6 ஆகிறது. தளத்தின் மேல் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இன்றும் அறிந்துள்ள முறைப்படி 7 அல்லது 8 செ.மீ. செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை இட்டுத் தட்டோடு பதித்தால் ஏறத்தாழ 2.5 ஆகக் குறைகிறது. குறைவு குறிப்பிடத்தக்கதே, ஆனால் விதியின் வரம்புக்கு அது இருமடங்கு தொலைவில் நிற்கிறது. மரபு முறை தனித்து நின்று போதும் என்போர் இவ்வெண்ணை எதிர்கொள்ள வேண்டும்.

தட்டோட்டின் கீழ் 2 செ.மீ. பாலிஸ்டைரீன் நுரைப்பலகை ஒன்றை வைத்தால் மதிப்பு 1.2-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. நுரைப்பலகை பெட்ரோலியப் பொருள். தனித்து விட்டால் வெயிலில் சிதையும். சுண்ணாம்புத் தட்டோடு அதற்குக் கவசமாகிறது. இது ஆத்தங்குடிக் கைவினைஞர் சிமெண்டை எடுத்தாண்ட அதே வகை இணக்கம். நுரைப்பலகையை விரும்பாதோர்க்கு மண்கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் கலவையிடும் பழைய முறை உள்ளது. கலயத்துள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். அம்முறையின் உண்மை மதிப்பைக் களத்தில் அளந்து வெளியிடுவது தமிழ்நாட்டுப் பொறியியல் துறையும் தமிழியல் துறையும் சேர்ந்து செய்யத்தக்க ஆய்வு. குயவரும் கொத்தனாரும் தகவலாளிகளாக அன்றி ஆய்வின் பங்காளிகளாக அதில் அமைய வேண்டும்.

விதித்தொகுப்பின் பக்கமும் ஒரு குறை உண்டு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கே அது பொருந்தும். நம் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டு. 360 சதுர அடி வீடு அதன் எல்லைக்குள் வருவதேயில்லை. மரபைப் பேசும் தமிழ் எழுத்து மாளிகையில் தொடங்குவது போல, வளங்குன்றாமையைப் பேசும் சட்டமும் பெரிய மனையில் தொடங்குகிறது. கூரை வெக்கையால் மிகுதியும் வருந்துவோர் இரண்டுக்கும் புறத்தே நிற்கின்றனர்.

கூரைக்கு மேலடுக்கு இடப் பொருளில்லாத வீடுகளுக்கு எஞ்சுவது வெள்ளையடித்தல். பழகிக் கறுத்த காங்கிரீட் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சும்; புதிய வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். மழையில் கரையும் என்பது அதன் மீதான குறை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்கிறது. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் வழக்கம் அதையடுத்து வருகிறது. பங்குனி முதல் வைகாசி வரையிலான கடும் வெயில் அதற்கும் பின்னர். சுவரோடு நின்றுவிடும் அவ்வழக்கம் மொட்டை மாடி வரை ஏறினால், அடுத்த ஐப்பசி மழை வந்து கரைக்கும் முன் அச்சுண்ணாம்பு ஒரு கோடை முழுவதையும் கடந்துவிடும்.